லெஃப்ரோய் மலையில் ஏன் ஆட்களில்லை?

கனடாவில இருக்கிற மாமி ஒவ்வொரு வருசமும் ஒரு கலண்டர் அனுப்புவா. அதில நாங்கள் திகதி பாக்கிறேல்ல. திகதிக்கும் ராகுகாலத்துக்கும் சந்திக் கடையில தாற முருகன் கலண்டர் இருக்கு. மாமியின்ர கலண்டர் படத்துக்காக மட்டும் குசினிக் கதவுக்குப் பக்கத்தில தொங்கும். ஒருமுறை அதில் ஜனவரி மாதத்துக்கு வந்த படம், மாதங்கள் மாறியும் தாள் திருப்பப்படாமல் வருசம் முழுக்க அப்படியே கிடந்தது. வெள்ளை மலை ஒன்று, அடியில் கருமை, மேலே நீலமும் மெல்லிய மஞ்சளும். "இது மலையோ, ஐஸ்கிறீமோ?" என்று அம்மா கேட்டா. கீழே சின்ன எழுத்தில் லோரன் ஹரிஸ், 'மவுண்ட் லெஃப்ரோய்', 1930 என்று போட்டிருந்தது.

அம்மா பகிடியாகத்தான் கேட்டா. ஆனால் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுதான். அது மலையைப் போலவும் இருக்கிறது, மலையைப் போல இல்லாமலும் இருக்கிறது. பனியைக் கண்ணால் கண்டிராத எங்களுக்கே அது உண்மையான பனி இல்லை என்று தெரிகிறது.

மூல ஓவியம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அகலமானது. ரொறன்ரோவுக்கு வடக்கே கிளைன்பேர்க் என்ற ஊரிலுள்ள மக்மைக்கல் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் இருண்ட சரிவுகள். அதற்கு மேல் ஒரு முக்கோணமாக எழும் வெள்ளை மலை. பனி மணல்மணலாக இல்லை. கெட்டியான துணியை மடித்து வைத்ததுபோல, அல்லது மெழுகு வழிந்து இறுகியதுபோல வழுவழுப்பாக இருக்கிறது. தூரிகை போன தடம் கண்ணுக்கு அகப்படாது. உச்சியைச் சுற்றி மேகங்கள் வளையம் வளையமாக விலகி, நடுவில் ஒரு வெளிச்சத்தைத் திறந்து விடுகின்றன. கோயிலில் எழுந்தருளி மூர்த்திக்குப் பின்னால் திருவாசி நிற்பதை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அப்படி. மரம் இல்லை, பறவை இல்லை, பனியில் காலடித் தடம் இல்லை, தூரத்தில் புகைகூட இல்லை.

இப்படியான ஓவியத்தை அரை-அரூபம் என்று சொல்லலாம். கண்டதைக் கண்டபடி வரைகிற ஓவியத்தில் ஆள் இல்லையென்றால், அன்றைக்கு அங்கே ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு போகலாம். முழு அரூப ஓவியத்தில் அந்தக் கேள்வியே எழாது; வெறும் நிறத்திடமும் கோட்டிடமும் போய் 'ஊர்ச்சனம் எங்கே' என்று யாரும் கேட்பதில்லை. அரை-அரூபம் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதற்கு ஓர் உண்மையான இடம் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது, உயரம் இருக்கிறது. ஓவியர் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். ஆகவே இந்த வகை ஓவியத்தை வாசிப்பது என்பது பெரும்பாலும் எது கழிக்கப்பட்டது, யாரால், எதற்காக என்று பார்ப்பதுதான்.

ஹரிஸ் எப்படிக் கழித்தார் என்பதைப் படிப்படியாகவே பார்க்க முடியும். கோடையில் மலைக்குப் போய், சிறிய பலகைகளில் எண்ணெய் வர்ணத்தால் விரைவாக வரைந்து வருவார். பிறகு ரொறன்ரோவிலுள்ள தன் கலைக்கூடத்தில் இருந்து அதைப் பெரிய கன்வஸுக்கு மாற்றுவார். பலகையிலிருந்து கன்வஸுக்குப் போகும்போது உச்சி கூர்மையாகும், பாறை வெடிப்புகள் மறையும், பத்து மடிப்பு மூன்றாகும். நிசமான லெஃப்ரோய் மலை அல்பேர்ட்டாவுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் எல்லையில் 3,400 மீற்றருக்கு மேல் நிற்கும் பருத்த பாறைத்திரள். எங்கட பீதுருதாலகாலையைவிட ஏறத்தாழ 900 மீற்றர் அதிகம். 1896 ஓகஸ்டில் அதில் ஏறிய பிலிப் அபொட் என்ற அமெரிக்கர் விழுந்து இறந்தார். கனடிய ரொக்கி மலைகளில் மலையேற்றத்தில் நிகழ்ந்த முதல் மரணம் அது. ஹரிஸின் மலையில் இருந்து யாரும் விழமாட்டார்கள். ஏறவே முடியாத மலை அது.

அவரால் ஏன் இவ்வளவு நிதானமாக, சந்தையைப் பற்றிக் கவலைப்படாமல் வரைய முடிந்தது? அதற்கான விடை எங்கட வயல்களிலேயே ஓடித் திரிகிறது. ஹரிஸின் பேரனார் விவசாய இயந்திரம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அது 1891இல் மசி குடும்பத்தின் நிறுவனத்தோடு சேர்ந்து மசி-ஹரிஸ் ஆனது. 1953இல் பெர்கூசன் நிறுவனமும் சேர, பிறகு வந்த பெயர்தான் மசி பெர்கூசன். ஓம், வன்னியில சிவப்பு நிறத்தில கலப்பையோட நிக்கிற அதே மெசின்தான். அந்தக் காசு இருந்தபடியால் ஹரிஸுக்கு ஓவியம் விற்றுச் சீவிக்கவேண்டிய தேவை வரவில்லை. 1914இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ரொறன்ரோவில் ஓவியர்களுக்கென்றே ஒரு கட்டடம் கட்டுவித்தார். ரயில் பெட்டி ஒன்றைத் தங்குமிடமாக்கிக்கொண்டு நண்பர்களோடு ஒன்ராறியோவின் காடுகளுக்குப் போனார். 1920 மே மாதம் அந்த நண்பர்கள் 'எழுவர் குழு' என்ற பெயரில் முதல் கண்காட்சியை வைத்தார்கள். கனடா என்றால் காடும் ஏரியும் பனியும் என்று உலகத்தின் மனதில் பதிந்திருக்கும் படம், பெரிய அளவுக்கு அவர்கள் வரைந்த படம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடிய நிலக்காட்சிகள் பட்டுத்திரை அச்சில் பிரதி எடுக்கப்பட்டுப் பாடசாலை, வங்கி, இராணுவ முகாம் என்று போய்த் தொங்கின. மாமியின்ர கலண்டர் அந்தப் பரம்பரையில் வந்த கடைக்குட்டி.

இதில் ஒன்றைத் தவறவிடக்கூடாது. ஹரிஸ் ஆட்களை வரையத் தெரியாதவர் இல்லை, வறுமை கண்ணில் படாத பணக்காரரும் இல்லை. பேர்ளினில் படித்துவிட்டு வந்த புதிதில், ரொறன்ரோவின் நடுவில் யூதர்களும் இத்தாலியர்களும் சீனர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த 'வார்ட்' என்ற குடியேறிகள் பகுதியின் தெருக்களையும் சுவர் உரிந்த வீடுகளையும் திரும்பத் திரும்ப வரைந்தார். 1920களில் நோவா ஸ்கோசியாவில் கிளேஸ் பேயிலுள்ள சுரங்கத் தொழிலாளர் வீடுகளை வரைந்தார். வரிசையாக நிற்கும் கல்லறைகளைப் போல இருக்கும் அந்த வீடுகள். உருவப்படங்களும் வரைந்தார். ஆகவே மலையில் ஆளை விட்டது கைத்திறன் குறைவால் அல்ல. அது ஒரு முடிவு.

அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு பெரிய துயரமும் ஒரு நம்பிக்கையும் இருந்தன. முதலாம் உலகப்போரில், 1918இல், அவருடைய தம்பி கொல்லப்பட்டார். ஹரிஸும் மனம் உடைந்து அதே ஆண்டு இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நம்பிக்கை பிரம்மஞானம். 1924இல் அவர் பிரம்மஞான சபையின் ரொறன்ரோக் கிளையில் சேர்ந்தார்.

பிரம்மஞான சபை எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 1875இல் நியூயோர்க்கில் தொடங்கி, பிறகு சென்னை அடையாறைத் தலைமையிடமாக்கிக்கொண்ட சபை அது. அதன் நிறுவுநர்களான ஒல்கொட்டும் பிளவற்ஸ்கியும் 1880இல் காலிக்கு வந்து பஞ்சசீலம் எடுத்தார்கள். 1886இல் கொழும்பு புறக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய ஆங்கில பௌத்த பாடசாலை, பின்னாளில் ஆனந்தா கல்லூரியானது. அதன் முதல் அதிபர் லெட்பீற்றர் என்ற ஆங்கிலேயர். இதே லெட்பீற்றர், அன்னி பெசன்ற்றோடு சேர்ந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'எண்ண வடிவங்கள்' என்றொரு நூலை எழுதினார். மனிதரின் ஒவ்வொரு எண்ணத்துக்கும் ஒரு வடிவமும் நிறமும் உண்டு என்பது அந்த நூலின் வாதம். மஞ்சள் அறிவுக்கு, நீலம் பக்திக்கு என்று நிற அட்டவணையே அதில் உண்டு. மேல்நோக்கிப் பாயும் பக்தியை அதில் ஒரு நீலக் கூம்பாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிரம்மஞானிகளின் கைகளில் புழங்கிய நூல் அது. கன்டின்ஸ்கி போன்றவர்களையும் அது தொட்டது.

இப்போது மறுபடியும் கலண்டரைப் பாருங்கள். மேல்நோக்கிக் குவியும் கூம்பு, நிழல்களில் நீலம், உச்சியில் திறக்கும் மஞ்சள் வெளிச்சம். ஹரிஸ் மலையை வரையவில்லை, மலையின் வழியாக ஒரு மன எழுச்சியை வரைகிறார். அடியிலுள்ள கருமை உலகம், மேலேயுள்ள வெளிச்சம் விடுதலை. அதற்கு ஆள் தேவையில்லை. ஆள் நின்றால் அது குறுக்கே நிற்கும். போரில் தம்பியை இழந்த ஒருவர் ஆளரவமற்ற ஒரு வெள்ளைக்குள் போய் நிற்க விரும்பினார் என்பது எனக்கு விளங்குகிறது. எனக்கு இந்த ஓவியம் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

தெய்வம் இருக்கும் பனிமலை என்ற எண்ணம் இமயத்தில் இருந்து எடுத்தது. ஆனால் எங்கட கைலாசம் ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை. திருவிழாவில கைலாச வாகனம் வரேக்க பாத்திருப்பியள். மேலே சுவாமி, கீழே பத்துத் தலையோட இராவணன், மலையைத் தூக்கின மாதிரியே நிக்கிறான். கதைகளில் நந்தியும் பூதகணங்களும் முனிவர்களுமாக அங்கே சந்தைச் சனம். மலையைப் புனிதமாக்க ஆட்களை இறக்கிவிடவேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான எண்ணம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் ஓவியத்துக்கு வெளியே இருக்கிறது.

1885 என்ற ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஹரிஸ் பிறந்த ஆண்டு அது. அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி கனடியன் பசிபிக் ரயில்பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. மலைகளைக் குடைந்து அந்தப் பாதையைப் போட ஏறத்தாழ 15,000 சீனத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். வேலை முடியும் தறுவாயில், அதே 1885இல், கனடாவுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டொலர் தலைவரி போட்டது அரசாங்கம். நவம்பர் இறுதியில் பான்ஃப் என்ற இடத்தில் வெந்நீரூற்றுகளைச் சுற்றியிருந்த நிலம் அரசாங்க ஒதுக்கீடு ஆனது. கனடாவின் முதல் தேசியப் பூங்காவின் விதை அது. வடமேற்கில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய கையோடு, பழங்குடிகள் தங்கள் ஒதுக்கிடத்தை விட்டு வெளியே போக அதிகாரியிடம் பாஸ் வாங்கவேண்டும் என்ற நடைமுறை வந்ததும் அந்த ஆண்டில்தான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை, ஆனாலும் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. பாஸ் என்றால் என்னவென்று இங்க யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பான்ஃபைச் சுற்றியுள்ள மலைகள் ஸ்ரோனி நகோடா மக்கள் வேட்டையாடியும் மூலிகை எடுத்தும் சடங்கு செய்தும் வந்த இடம். அவர்கள் தங்களைக் குறிக்கும் பெயரிலேயே மலை என்ற சொல் இருக்கிறது. 1877இல் அரசோடு செய்த ஏழாம் ஒப்பந்தம், விட்டுக்கொடுத்த நிலத்தில் வேட்டையாடும் உரிமையைப் பேசியது. ஆனால் 1887இல் பூங்கா முறைப்படி உருவானதும், 1890களில் வேட்டை விலங்குகளைக் காப்பது என்ற பெயரில் அவர்கள் அங்கிருந்து தடுக்கப்பட்டார்கள். 1888இல் ரயில் நிறுவனம் அங்கே பெரிய விடுதியைத் திறந்தது. விருந்தாளிகளுக்குக் காடு வேண்டும், காட்டில் வாழ்கிற சனம் வேண்டாம். ஆனால் வேடிக்கை பார்க்க வேண்டும். அதனால் 'இந்தியர் நாட்கள்' என்று ஒரு விழா வைத்து, வருசத்தில் சில நாட்கள் மட்டும் நகோடா மக்களைக் கூடாரத்தோடும் இறகுக் கிரீடத்தோடும் வரவழைத்தார்கள். அது 1978 வரை நடந்தது.

வடக்கே ஜாஸ்பரில் இன்னும் நேரடியாக நடந்தது. 1907இல் அங்கே பூங்கா அறிவிக்கப்பட்டது. 1910இல் அங்கே வீடு கட்டி, குதிரையும் தோட்டமும் வைத்திருந்த மேற்றி குடும்பங்கள் - பழங்குடித் தாய்மாரும் ஐரோப்பியத் தந்தையருமாய் உருவான வம்சாவளியினர் - கட்டிய கட்டடங்களுக்கு ஒரு தொகை கொடுக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஹரிஸ் முதன்முதலாக ரொக்கி மலைகளில் வரையப் போனது 1924இல். போன இடம் ஜாஸ்பர். வெளியேற்றி 14 வருசம்தான். அவர் கண்ட அமைதிக்கு வயது அவ்வளவுதான்.

மலை ஓவியத்துக்கும் ரயிலுக்கும் உள்ள உறவும் பழையது. 1880களிலேயே ரயில் நிறுவனம் ஓவியர்களுக்கு இலவசப் பயணச்சீட்டு கொடுத்து மலைகளை வரைவித்தது. ஓவியம் பயணிகளை இழுக்கும், பயணிகள் ரயிலை நிரப்புவார்கள். ஹரிஸ் அப்படி விளம்பரத்துக்கு வரைந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆளில்லாத மலையைக் 'கண்டு' அதை உன்னதம் என்று உணர்வதற்கு ஏற்ற இடத்தை, சட்டமும் ரயிலும் விடுதியும் அவருக்கு முன்னமே ஆயத்தம் செய்து வைத்திருந்தன. அவர் கழிக்கத் தொடங்கமுதலே பாதிக் கழித்தல் முடிந்திருந்தது.

ஒரு நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "எல்லாத்திலயும் அரசியல் தேடாமல் படத்தைப் படமாப் பாக்கேலாதோ?" நியாயமான கேள்விதான். ஹரிஸ் வானத்தில் கற்பனையாக ஒரு முக்கோணத்தை வரைந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். பிற்காலத்தில் அவர் அப்படியும் வரைந்தார். 1934இல் கனடாவை விட்டு அமெரிக்காவுக்குப் போனபின் மலையே இல்லாத முழு அரூபத்துக்கு நகர்ந்தார். ஆனால் இந்த ஓவியத்துக்கு அவர் ஒரு மலையின் பெயரை வைத்தார். பெயரை வைத்த உடனே வரலாறும் கூட வந்துவிடுகிறது.

அந்தப் பெயரின் கதையையும் பாருங்கள். ஜோன் ஹென்றி லெஃப்ரோய் ஒரு பிரித்தானியப் படையதிகாரி, விஞ்ஞானி. 1843-44இல் கனடாவின் வடமேற்கில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து பூமியின் காந்தப்புலத்தை அளந்தவர். போல் கேன் என்ற ஓவியர் பனிவெளியில் நிற்கும் லெஃப்ரோயை ஒரு படமாக வரைந்தார். 2002இல் அந்தப் படம் 50 இலட்சம் கனடிய டொலருக்கு மேல் ஏலம்போய், கனடிய ஓவியங்களிலேயே கூடிய விலை என்ற சாதனையை வைத்தது. 2016 நவம்பரில் அந்தச் சாதனையை உடைத்தது எது தெரியுமா? ஹரிஸின் இன்னொரு வெள்ளை மலை, 'மலை வடிவங்கள்'. கட்டணங்களோடு 1 கோடியே 12 இலட்சம் டொலர். முதலில் மலையின் பெயருக்குரிய துரை, பிறகு துரையும் இல்லாத மலை.

இந்த வெள்ளையைப் பற்றி ஹரிஸே எழுதியிருக்கிறார். 1926இல் கனடாவின் பிரம்மஞான சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், கனடியர்கள் மாபெரும் வடக்கின் விளிம்பில் வாழ்கிறார்கள், அந்த வடக்கின் உயிருள்ள வெண்மையும் தனிமையும் அவர்களைப் புதுப்பிக்கின்றன என்ற கருத்தை வைத்தார். பனியின் வெண்மையைத்தான் அவர் சொன்னார். ஆனால் அந்தக் கட்டுரைக்கு மூன்று வருசம் முன்னர், 1923இல், சீனர்கள் வருவதையே ஏறக்குறைய முழுதாக நிறுத்திய சட்டம் கனடாவில் நிறைவேறியிருந்தது. 1947 வரை அது நீடித்தது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் பஞ்சாபிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோரை வன்கூவர் கரையில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெறுமையான, தூய, வடக்குத் தேசம் என்ற படம் சுவரில் தொங்கிய அதே காலத்தில்தான் துறைமுகத்தில் யாரை விடுவது என்ற கணக்கும் நடந்தது. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டபோது, அந்தக் கணக்குக்குள் நாங்களும் வந்து சேர்ந்தோம்.

இப்போது கிறீ இனத்து ஓவியர் கென்ற் மொன்க்மன் போன்றவர்கள் பழைய பாணியிலேயே பிரமாண்டமான மலைக்காட்சிகளை வரைந்து, அதற்குள் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். சண்டை பிடிக்கிற, சிரிக்கிற, துரைமாரைப் பகிடி பண்ணுகிற ஆட்கள். ஹரிஸின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு மொன்க்மனுடையதைப் பார்த்தால் திடீரென்று சத்தம் கேட்கத் தொடங்கியதுபோல இருக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும்.

போன கிழமை மாமியோட கதைக்கேக்க லெஃப்ரோய் மலை தெரியுமோ எண்டு கேட்டன். தெரியாது எண்டா. ஆனா பான்ஃபுக்குப் போனதாம், லேக் லூயிஸிலயும் இறங்கிப் படம் எடுத்ததாம். அடுத்த நிமிசம் வட்ஸ்அப்பில படம் வந்தது. லேக் லூயிஸ் கரையில் நின்று பார்த்தால் நேரே தெரிவது விக்ரோரியா மலை, அதற்கு இடப்பக்கம் நிற்பது லெஃப்ரோய். மாமியின்ர படத்தில் விக்ரோரியா வடிவாகத் தெரிகிறது. இடப்பக்கத்தில் மாமா, மச்சாள், அவவின் இரண்டு பிள்ளைகள், இன்னும் யாரோ மூன்று பேர், எல்லாரும் தடிச்ச ஜக்கெற்றோடு நெருங்கி நிற்கிறார்கள். லெஃப்ரோய் அவர்களுக்குப் பின்னால். மாமாவின்ர தொப்பிக்கு மேலால உச்சி மட்டும் கொஞ்சம் தெரியுது.